தம்பியின் நாக்கை நேர்ந்துகொண்டவள்

என் தம்பி ஜூலியஸ் சாப்பாட்டு ராமன். அக்காவான நான் இதைச் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் சோறும் கருவாடுமாக வளர்ந்தவனுக்குச் சுங்கைப் பட்டாணி உரக் கம்பெனி ஒன்றில் விற்பனை வேலை கிடைத்தது. கூட்டம், கூட்டம் என்று கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். அங்கேதான் இத்தாலிச் சாப்பாட்டில் போய் விழுந்தான்.

ஊர் திரும்பினால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறப்பான். "அக்கா, மாவைத் தகடு தகடா அடுக்கி, நடுவுல கொத்துக்கறி, மேல சீஸ். அடுப்புலேர்ந்து அப்படியே கொதிச்சுக்கிட்டு வரும்லா! கரண்டிய விட்டா நூல் நூலா இழுக்கும்!" கோலாலம்பூர்க் கடையின் சமையல்காரர் கப்பலில் வேலை பார்த்த சீனராம். இவன் தலையைக் கண்டதுமே தட்டைப் பெரிதாக எடுப்பாராம். மகள் கேதரினை மடியில் உட்காரவைத்துக்கொண்டு இந்தச் சீஸ் கதையைத்தான் சொல்வான். ஒருநாள் அவன் மனைவி அகத்தா பாவம், பசாரில் மஞ்சள் மீ நூடுல்ஸ் வாங்கி வந்து, கொத்துக்கறியும் தக்காளி சாஸும் கறித்தூளும் போட்டுக் கிளறிக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான் பாருங்கள், எனக்கு அவனை ஓர் அறை விடலாம் போல இருந்தது.

எழுபத்து மூன்றில், கேதரினுக்கு ஆறு வயதாக இருந்தபோது, மூளைக்காய்ச்சல் வந்தது. ஒரே பிள்ளை. அப்போது ஜூலியஸ் சிங்கப்பூரில் இருந்தான். நானும் அகத்தாவும்தான் பினாங்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். அகத்தா என்னைக் காவல் வைத்துவிட்டு, ஃபெர்ரியும் பஸ்ஸும் ஏறி புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலுக்குப் போனாள். எங்கள் வழக்கத்தில் நேர்ச்சை என்றால் வலிக்க வேண்டும். உயிராக நினைப்பதை விட வேண்டும். அதுதான் கணக்கு.

ஜூலியஸ் வந்து சேர்ந்ததும் அவனிடம் சொன்னாள். "பிள்ளை பொழைச்சா நீங்க அந்த இத்தாலிச் சாப்பாட்ட இனிமே தொடமாட்டீங்கன்னு அன்னம்மாள்கிட்ட நேர்ந்துட்டேங்க."

"என்னக் கேக்காமயா? நேர்றவ உன் நாக்க நேரக் கூடாதா?" என்று கத்தினான்.

"எனக்குன்னு புடிச்சது என்னங்க இருக்கு, விடுறதுக்கு?"

ஐயோ, அந்தப் பெண் அதைக் குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். அன்று சாயங்காலம் கேதரின் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

பிறகென்ன? கம்பெனி ஆட்கள் இத்தாலிக் கடைக்குள் நுழைவார்கள். இவன் எதிர்ச்சாரியில் நின்று நாசி கோரெங் சோறு சாப்பிடுவான். ஒரு வருஷம் கழித்துப் பொறுக்கமுடியாமல் பங்குச் சாமியாரிடம் கேட்டுப் பார்த்தான். ஒருவர் செய்த நேர்ச்சை இன்னொருவரைக் கட்டாது, தாராளமாகச் சாப்பிடு என்றார் அவர். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். மழையில் நனைந்திருந்த கேதரின் 'அச்' என்று ஒரு தும்மல் போட்டாள். அவ்வளவுதான், விசில் நின்றது. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. பிழைத்து வந்த பிள்ளையிடம் அது சாகக் கிடந்ததைச் சொல்லக் கூடாது, சொன்னால் போனது திரும்பி வரும் என்பது எங்கள் குடும்பத்து நம்பிக்கை. சும்மா காய்ச்சல் என்றுதான் கேதரினுக்குச் சொல்லி வைத்திருந்தோம். நேர்ச்சையைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

எண்பத்தேழில் அவளுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கியதும் எங்களை வரச் சொன்னாள். முழங்கால் வலி என்று அகத்தா வரவில்லை. நானும் ஜூலியஸும் போனோம். எங்கே போகிறோம் என்று சொல்லாமலே டாக்சியில் ஏற்றினாள். இறங்கியபோது பார்த்தால் இத்தாலிக் கடை.

அவளே ஆர்டர் கொடுத்தாள். தட்டு வந்தது. அதேதான்: தகடு தகடாக மாவு, கொத்துக்கறி, மேலே கொதிக்கிற சீஸ். "மடியில வச்சுச் சொல்லுவீங்களேப்பா, மறந்துட்டேன்னு நெனச்சீங்களா? சாப்பிடுங்க!" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ஜூலியஸ் முள்கரண்டியை எடுத்தான். என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? சாப்பிடு என்று சொல்ல நான் யார்? சாப்பிடாதே என்று சொல்லத்தான் வாய் வருமா?

கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "வயிறு சரியில்லம்மா. அப்பாவுக்கு வேணாம்."

"ஒரு வாய்ப்பா."

"வேணாம்மா."

"காலையில அத்தையோட சேர்ந்து நாலு ரொட்டி சானாய் எறங்குச்சு. நான் வாங்கிக் குடுத்தா எறங்காதா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "கேதரின், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். மேசைக்கு அடியில் ஜூலியஸ் என் காலை ஒரு மிதி மிதித்தான்.

அவள் பணியாளைக் கூப்பிட்டுத் தட்டை எடுத்துப் போகச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. "இனிமே உங்கள எங்கயும் கூப்பிடமாட்டேன்பா."

"கூப்பிடாதம்மா. நீ நல்லா இரு, அது போதும் எனக்கு" என்றான்.

"எப்பப் பாரு இதையே சொல்லுங்க!" என்று சலித்துக்கொண்டு, கைப்பையை எடுத்தபடி எங்களுக்கு முன்னால் வாசலுக்கு நடந்தாள்.