அண்ணி வீட்டு மூடி

ஊரில் என் அண்ணிக்கு 'மூடிக்காரம்மா' என்று பெயர். வீடு வீடாகப் போய் செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து சோதிப்பதுதான் அவருடைய அரசாங்க வேலை. அதைக் கேட்டதுமே மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் நானும் பிடித்துக்கொண்டவன்தான்.

டிரைவர் வராத ஒரு நாள் வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போனேன். என் கிண்டல் அன்றோடு போயிற்று. வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்தாமல் அண்ணி எந்த மூடியையும் திறப்பதில்லை. "உங்க வீட்டு சரக்குதானே, நீங்களே பாருங்க" என்பார். நீளமான கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு எடுத்தார். மேலே பாலாடை மாதிரி மிதக்கும் அழுக்கு, நடுவில் நீர், அடியில் சேறு என்று அடுக்காக நின்றது.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க ராப்பகலா தின்னுட்டே இருக்கு தம்பி. மிச்சத்த மண்ணு வடிகட்டிடும். நாம திரும்பிக்கூடப் பாக்கறதில்ல, ஆனா அதுங்க நமக்கு உழைச்சுட்டே இருக்கு."

இத்தனை காலம் இதன்மேல்தானே செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று நினைக்க உடம்பு சிலிர்த்தது.

முன்பெல்லாம் ஏரிக்கரை வீடுகளுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. இந்த வருஷம் மாவட்டம் முழுவதற்கும் என்று விரிவாக்கினார்கள். அதில் எங்கள் தெருவும் வந்தது, கூடவே சண்டையும் வந்தது. பள்ளிக்கூடத்தில் கூடிய கூட்டத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் எழுந்தார்.

"ஊர் மூடியெல்லாம் தொறக்கறீங்களே, உங்க வீட்டு மூடிய என்னைக்காவது தொறந்து பாத்திருக்கீங்களாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. உண்மையில் அதை யாருமே திறந்ததில்லை. மூடிக்காரம்மா பார்க்காமலா இருப்பாள் என்று அண்ணன் இருந்துவிட்டான். வீட்டைக் கட்டியவருக்குத் தெரியாதா என்று அண்ணி இருந்துவிட்டார். போதாததற்கு அண்ணன் அதன்மேல் துணி துவைக்க சிமெண்ட் தளம் வேறு போட்டு வைத்திருந்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கடப்பாரையை எடுத்தார். "தையல்காரர் பேரனுக்கு வயித்துப்போக்கு நிக்கவே இல்ல. அவங்க கிணறு நம்ம சுவர ஒட்டித்தான் இருக்கு" என்றார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அந்த வீட்டில் குழந்தைக்குப் பால் கலக்குகிறார்கள்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நம்ம வீட்டுலயே கோளாறுன்னா தெருவே காறித் துப்பும். அப்புறம் யாரு உன்ன உள்ள விடுவா?"

"நீ தள்ளு" என்று அண்ணனை விலக்கிவிட்டு நான்தான் தளத்தை உடைத்தேன். கோபம் வந்தால் எனக்கு நன்றாக வேலை ஓடும். தொட்டியின் சுவரில் விரிசல் இருந்தது. ஆனால் கசிவு கிணறு வரைக்கும் போகிறதா என்பது பார்த்தால் தெரியாது. அண்ணி எங்கள் கழிப்பறையில் பச்சைச் சாயத்தைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். சோதனைக்கென்றே உள்ள சாயம், ஆளுக்குக் கெடுதல் இல்லை. தையல்காரரிடம் சொல்லிவிட்டுத் தினமும் காலையில் போய் அவர் கிணற்றில் நீர் இறைத்துப் பார்த்தார். "பாரும்மா, நல்லாப் பாரு" என்று அவர் நக்கலாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

ஒரு காலை வாளியைத் தூக்கியவன் நான். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணி ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேராகப் பிடித்தார். இலைத் தளிரின் நிறத்தில் மெல்லிய பச்சை. கிணற்றடியில் வேறு யாரும் இல்லை.

"அண்ணி, கொட்டிடவா? டேங்க சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம்."

"கொழந்த குடிக்குது தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். டம்ளரைக் கையில் ஏந்தியபடி நேராகத் தையல் கடைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். அண்ணி டம்ளரை மிஷின் மேல் வைத்தார். "நீங்க கேட்டது நியாயங்க. உங்க கிணத்துல வர்றது எங்க வீட்டுக் கழிவு. கொழந்தைக்கு இனி இந்தத் தண்ணி வேண்டாம். எங்க வீட்டுல யாரும் கக்கூஸ் போகமாட்டோம், டேங்க் சரியாகற வரைக்கும்."

தையல்காரர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க வீட்டு மூடி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. வந்து தேடிக் குடுங்கம்மா."

அவர் வீட்டு டேங்க் பழுதில்லாமல் இருந்தது. அதனால் எங்களுடையதைக் கட்டி முடிக்கும் வரை எங்கள் குடும்பமே அவசரத்துக்கு அவர் வீட்டுக்குத்தான் ஓடியது. தெருவில் யாராவது மூடியைத் திறக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் அவரே முன்னால் போய் நிற்பார்.

"தன் வீட்டயே காட்டிக் குடுத்த அம்மா அது. தொறங்க."

திறந்துவிடுவார்கள்.