உப்பு பூத்த கல்யாண மேடை

போன வாரம் தூத்துக்குடியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். வீட்டு வாசலிலேயே பந்தல். மேடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

மேடை நிறைய வெள்ளை வெளேரென்று கிளைகள். வெயில் பட்டு மின்னுகின்றன. கண்ணாடியா? கிட்டே போய்த் தொட்டு, விரலை நாக்கில் வைத்தேன் — உப்பு!

செய்தவள் என் தோழி மெர்சி. ஷிப்பிங் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள். மாப்பிள்ளை அவள் தம்பி. மணப்பெண் ஷீபா, நாசரேத்தில் டீச்சர்.

“மேடையில பிளாஸ்டிக் பூ மட்டும் வேண்டாம் மைனி” என்று ஷீபா தன் நாத்தனாரிடம் கேட்டிருக்கிறாள். மெர்சி என்ன செய்தாள்? ரோட்டோரம் காய்ந்து கிடந்த உடைமர முள் கிளைகளைப் பொறுக்கி, தெரிந்தவருடைய உப்பளத்தில் ஊறப்போட்டாள். வெயில் ஏற ஏற, முள்ளுக்கு முள் உப்பு பூத்துவிட்டது.

நாளெல்லாம் எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிறவளுக்குள் இப்படி ஒருத்தி எங்கே இருந்தாள்?

விருந்தாளிகள் வருகிற நேரம்... சடசடவென்று மழை! பந்தல் ஒழுகியது. மெர்சியின் கண்ணெதிரே பூக்கள் சொட்டுச் சொட்டாகக் கரைந்தன.

“ஏளா, புடி! உள்ள கொண்டு போயிருவோம்!” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

பட்டுச்சேலையோடு நானும் ஓடினேன். கையெல்லாம் முள் கீறல். பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. மீதியெல்லாம் கறுத்த குச்சிகள். நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது.

பந்தல் போட்ட அண்ணாச்சி பதறிப்போய் வந்தார். “வண்டியில பிளாஸ்டிக் பூ கெடக்கும்மா. டக்குன்னு மாட்டிருதேன்.”

“மாட்டிருங்க அண்ணாச்சி...” மெர்சி கறுத்த குச்சிகளை ஓரமாக ஒதுக்க ஆரம்பித்தாள்.

அதற்குள் மணக்கோலத்தில் ஷீபா வெளியே வந்துவிட்டாள். கறுத்த கிளை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இதையும் வைங்க மைனி. மழை பேஞ்சா மரம் இப்படித்தான இருக்கும்?”

மழை விட்டது. வெள்ளைக்கு நடுவே கறுப்பு, கறுப்புக்கு நடுவே வெள்ளை — ஷீபா சொல்லச் சொல்ல, மெர்சி நட்டாள். லைட் போட்டார்கள். முதலில் பார்த்ததைவிட அழகு... சத்தியமாக! வந்தவர்கள் மணமக்களை விட்டுவிட்டு மேடையைத்தான் போட்டோ எடுத்தார்கள். மெர்சி அப்போதுதான் சிரித்தாள்.

கையில் கிடைத்ததை வைத்து அழகு செய்வது ஒரு திறமை. அது பாதி கரைந்து நிற்கும்போதும் அதில் அழகைப் பார்க்கிறாளே ஒருத்தி — அதற்கு என்ன பெயர் வைப்பது?

மறுநாள் உப்பு தண்ணீரோடு போனது. கிளைகள் அடுப்புக்குப் போயின. தெருக் கூட்ட வந்த அக்கா, வாசலில் நின்று முழித்தாராம்:

“கல்யாண வீடுன்னு பெரிய வண்டியா தள்ளிட்டு வாரேன்... மேடைக் குப்பையெல்லாம் எங்கன போச்சுளா?”