கோகிலா குடிக்காத மருந்து

எங்கள் ஆய்வகத்தில் கீழாநெல்லிச் சாற்றை நுண்துகள்களில் அடைக்கிறோம். கசப்பு தெரியாமல் மருந்து கல்லீரலுக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று குடுவையைத் திறந்ததும் எழுந்த பச்சை வாசனை என்னைச் சின்ன வயதில் இருந்த உறையூர் வீட்டுக்கு இழுத்துப்போனது.

ஆறு வயதுத் தங்கை கோகிலாவுக்கு மஞ்சள் காமாலை. அம்மா இல்லாத வீடு. பஸ் கண்டக்டரான அப்பா விடியற்காலையில் வாய்க்கால் கரையில் கீழாநெல்லி பறித்து வந்து, காக்கிச் சட்டையோடு அம்மியில் அரைப்பார். மோரில் கலக்கி என்னிடம் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போவார்.

“கசக்குதுக்கா, வேணாம்” என்று கோகிலா அழுவாள். பொறுக்க மாட்டாமல் அதைக் கொல்லையில் ஊற்றிவிடுவேன்.

“குடிச்சாளாம்மா?”

“குடிச்சிட்டாப்பா.”

அந்த மாதமே அவள் இறந்துபோனாள்.

சாயங்காலம், அப்பா இப்போது இருக்கும் காட்டூருக்குப் போய் அவரிடம் கீழாநெல்லி ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன்.

“வேற செடியப் பறிச்சு அரைச்சிட்டேனோன்னு இன்னைக்கும் தோணுதும்மா.”

“அவ குடிக்கவே இல்லப்பா. நான்தான் கீழ ஊத்தினேன்” என்றேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நீ பத்து வயசுப் புள்ள. உங்கிட்ட விட்டுட்டுப் போனது நான்தானேம்மா” என்றார்.