முன் பிரேக் எந்தப் பக்கம்

கதை கட்டுவதாக இருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன். அந்த ஒரு காரணத்துக்காகவே இது உண்மையில் நடந்தது என்று நீங்கள் நம்பலாம்.

நள்ளிரவு, பாழடைந்த பங்களா எல்லாம் இதில் கிடையாது. நவம்பர் கடைசியில் வட வேல்ஸில் நாலு மணிக்கே இருட்டிவிடும். எங்கள் பேய் டீ குடிக்கிற நேரத்தில் வந்தது.

எங்கள் கல்லூரியில் மலை சைக்கிள் கிளப் ஒன்று உண்டு. மழையில் மலையேறி, சேற்றில் இறங்கி, விழுந்து, அதற்குச் சந்தாவும் கட்டுகிற இருபது பேர். ஜூன் மாதம் ஆல்ப்ஸில் நடக்கும் போட்டிக்கு நாலு பேர் போகலாம். மூன்று இடம் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்குக் கெத்தின் என்கிற நானும் எமிரும் நின்றோம். இருவருக்கும் அது கடைசி வருஷம். முந்தைய இரண்டு வருஷமும் எமிருக்கு ஒரு விநாடி, இரண்டு விநாடியில் இடம் போயிருந்தது. நான் அந்த அளவுக்குக் கிட்டேகூட வந்ததில்லை.

சனிக்கிழமை தேர்வு. பழைய ஸ்லேட் சுரங்கத்து மலை உச்சியிலிருந்து கீழே வர வேண்டும். குறைந்த நேரம் யாருக்கோ அவருக்கு இடம். நடுவில் ஒன்பது மீட்டருக்குச் செங்குத்தாகச் சாயும் ஈரப் பாறை ஒன்று உண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பாதிரியார். அங்கே போனால் யாராக இருந்தாலும் ஜெபம் செய்வார்கள்.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது என் பிரேக் எண்ணெய் கசிய ஆரம்பித்தது.

புது பிரேக் வாங்க என்னிடம் வழியில்லை. கிளப் கொட்டகையில் ஒரு பெட்டி இருக்கிறது. கழற்றிய பாகங்களை அதில் போட்டுவிட்டுப் போவோம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, பாகத்தோடு ஒரு சீட்டு கட்ட வேண்டும். எந்த வண்டியிலிருந்து, எப்போது, ஏன் கழற்றினோம் என்று மூன்று வரி. அன்று பெட்டியின் அடியில் ஒரு ஜோடி பிரேக் கிடந்தது. நாலு பிஸ்டன் வைத்த பலமான, விலை உயர்ந்த ரகம். கீறல் இல்லை. சீட்டில் முதல் இரண்டு வரி ஈரத்தில் கரைந்திருந்தது. மூன்றாவது வரியில் யாரும் எதுவும் எழுதவே இல்லை.

ஏன் கழற்றினார்கள் என்று எழுதாத பிரேக்கை எங்கள் கிளப்பில் யாரும் தொட மாட்டார்கள். நான் தொட்டேன். நாலு பிஸ்டன் ஆயிற்றே.

திங்கட்கிழமை மாலை மாட்டினேன். சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் மென்மையானதாக இருந்தால் மழைக்கு இரண்டே நாளில் கரைந்துவிடும் என்பதால், சத்தம் போட்டாலும் பரவாயில்லை என்று உலோகப் பேட் போட்டேன். எண்ணெய்க் குழாய்கள் மட்டும் தலைகீழாக இருந்தன. எங்கள் நாட்டில் வலது கைப் பிடி முன்சக்கரத்தைப் பிடிக்கும். கடலைத் தாண்டி பிரான்ஸ் போனால் இடது கைப் பிடிதான் முன்சக்கரம். இந்த ஜோடியிலும் முன்சக்கரம் இடது பிடியில்தான் இருந்தது. குழாயைக் கழற்றி, நுனி வெட்டி, மாற்றிப் பூட்டி, ஊசியால் எண்ணெய் ஏற்றி, காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறும்வரை தட்டித் தட்டி... ஒன்றரை மணி நேரம். தரையெல்லாம் எண்ணெய்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இந்த வேலை தானாக நடக்காது.

செவ்வாய் காலை 8.40. கொட்டகையைத் திறந்தேன். வலது பிடியை அழுத்தினேன்.

பின்சக்கரம் நின்றது.

முந்தின இரவு நான் துடைத்துவிட்டுப் போன தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

எமிர்தான் விளையாடுகிறான் என்று நினைத்தேன். போட்டியாளனுடைய பிரேக்கை மாற்றி வைப்பதெல்லாம் எங்கள் ஊரில் பழைய குறும்பு. சரிவில், பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை இறுக்கினால் சைக்கிள் நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். தலைக்கு மேலே பறந்து போவோம். அதனால்தான் ஒருவர் வண்டியை இன்னொருவரிடம் கொடுக்கும்போது முன் பிரேக் எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்வது எங்களுக்குள் சட்டம் மாதிரி. வணக்கம் சொல்ல மறந்தாலும் இதை மறக்க மாட்டோம்.

எமிரிடம் கேட்டேன். அவன் சிரிக்கக்கூட இல்லை.

"உன்னை ஜெயிக்க நான் ஒன்றரை மணி நேரம் வேலை செய்யணுமா? தூங்கிட்டு வந்தாலே போதாதாடா?"

நியாயமான வாதம். நம்பினேன்.

மறுபடி ஒன்றரை மணி நேரம். இந்த முறை குழாயும் பிடியும் சேரும் நட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். நட்டை இம்மி திருப்பினாலும் கோடு உடைந்துவிடும். கொட்டகைச் சாவியையும் என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

புதன் காலை 8.35. கோடு அப்படியே இருந்தது.

வலது பிடியை அழுத்தினேன். பின்சக்கரம்.

மூன்றாவது தடவையாக மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

வியாழன் மாலை 3.52. புதுப் பேட்களைப் பழக்குவதற்காக மலைக்குப் போனேன். வேகமாக வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். இருபது தடவை. அப்போதுதான் பேடும் டிஸ்க்கும் ஒன்றை ஒன்று அறியும். ஏழு தடவை முடித்திருந்தேன். மேலே மூடுபனி.

பின்னால் ஒரு சத்தம்.

டிக்டிக்டிக்டிக்டிக்...

பெடல் மிதிக்காமல் இறங்கும்போது பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் போடும் சத்தம். ஒவ்வொரு ஹப்புக்கும் ஒரு குரல் உண்டு. கண்ணை மூடிக்கொண்டே யார் வருகிறார் என்று சொல்லிவிடுவோம். இது எங்கள் கிளப்பில் யாருடையதும் இல்லை.

வழி விட்டு ஓரமாக நின்றேன். சத்தம் நெருங்கியது. என் முழங்கை அருகே வந்தது. கடந்து போனது.

யாரும் இல்லை.

சேற்றில் என் டயர் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம். ஈரமாக, புதிதாக. பாதிரியாரின் விளிம்புவரை போயிருந்தது. கடைசி ஒரு கஜம் மட்டும் ஆழமாக உழுதிருந்தது, சக்கரம் பூட்டிக்கொண்டால் உழுவதுபோல.

அதற்கப்பால் தடம் இல்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் கீழே வந்தேன். பதிமூன்று தடவை பாக்கி இருந்தது. பேட் கோபித்துக்கொண்டாலும் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த பிரேக்கைத் தூக்கி எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எறிந்தால் பிரேக் இல்லை. பிரேக் இல்லையென்றால் ஆல்ப்ஸ் இல்லை. நான் பயந்தவன்தான், ஆனால் பேராசைக்காரனும்கூட.

சனிக்கிழமை. கீழே நேரம் பார்க்க நெரிஸ் நின்றாள். ஆராய்ச்சி மாணவி, பத்து வருஷமாகக் கிளப்பை நடத்துபவள். கையில் வாக்கி டாக்கி, இன்னொன்று மேலே. 3.05க்கு நான் இறங்கினேன். எந்தப் பிடி எந்தச் சக்கரம் என்று நம்ப முடியாததால் இரண்டையும் ஒரே அளவில், மெல்ல, பாட்டில் மூடி திருகுகிறவன் மாதிரி பிடித்துக்கொண்டே வந்தேன். இரண்டு நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடி. எமிர் பயிற்சியில் சாதாரணமாகப் போடுவது இரண்டு நாற்பத்தொன்று.

முடிந்தது என்று நினைத்தேன். அப்போது வாக்கி டாக்கியில் எமிரின் குரல். மேலே அவனுடைய கியர் உடைந்து சக்கரத்துக்குள் சிக்கிவிட்டது. வண்டி நகராது.

நெரிஸ் என்னைப் பார்த்தாள். எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு சைக்கிள். தேர்வு நாளில் வண்டி கேட்டால் இல்லை என்று சொல்வது எங்கள் ஊரில் முகத்தில் எச்சில் துப்புவதற்குச் சமம்.

"என்ன நிக்கிற? இருட்டப் போகுது. மேல கொண்டு போ," என்றாள்.

தள்ளிக்கொண்டு ஏற இருபது நிமிஷம் ஆகும். இருபது நிமிஷத்தில் எவ்வளவோ யோசிக்கலாம். நான் யோசித்தேன். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லலாம். சொன்னால் ஒன்று, நம்பிவிட்டு இறங்க மாட்டான். அல்லது, பயமுறுத்தி இடத்தைப் பறிக்கப் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்வான். சொல்லாவிட்டால்... ஒன்றும் ஆகாமல் கூடப் போகலாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

மேலே 3.29. மூடுபனியில் நாங்கள் இருவர் மட்டும். அவன் நெஞ்சில் கட்டியிருந்த கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் இரண்டு பிடிகளையும் அழுத்திப் பார்த்தேன். வலது, முன்சக்கரம். வெள்ளைக் கோடு முழுசாக இருந்தது.

"வலதுதான் முன்னாடி," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அது உண்மை.

எமிர் தானும் அழுத்திப் பார்த்தான். தலையசைத்தான். "கீழ போனதும் உனக்கு ஒரு பைன்ட் பீர் வாங்கித் தரேன் மச்சி. அழுதுக்கிட்டே குடிப்பே."

3.33. கிளம்பினான்.

என் ஹப்பின் சத்தம் பனிக்குள் இறங்கியது. அது எனக்குத் தெரியும். மெல்லிய, மந்தமான சத்தம்.

அதன் பின்னால் இன்னொன்று.

டிக்டிக்டிக்டிக்...

கத்தியிருக்கலாம். வாக்கி டாக்கி கையில்தான் இருந்தது.

கத்தவில்லை.

ஐம்பத்தைந்து... ஐம்பத்தாறு... பாதிரியார் இப்போது வரும்.

இரண்டு சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தன.

ஒன்று நின்றது.

ஸ்லேட் பாறையில் ஹெல்மெட் உரசும் ஒலி. நீளமாக.

மற்றது நிற்காமல் இறங்கிப் போனது. டிக்டிக்டிக்...

ஓடினேன். 3.38க்கு அங்கே இருந்தேன். எமிர் பாறையின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தான். கண் திறந்திருந்தது. சைக்கிள் இரண்டு அடி தள்ளி.

இடது பிடியை அழுத்தினேன்.

முன்சக்கரம்.

கோடு உடையவில்லை.

பிறகுதான் அவன் பக்கம் திரும்பினேன்.

மீட்புக் குழு வர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. கழுத்தில் இரண்டு எலும்பு. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். நாலாவது இடம் எனக்கு வந்தது. வேறு யாரும் ஓட்டி முடிக்கவில்லையே.

செவ்வாய்க்கிழமை நெரிஸ் கொட்டகைக்கு வந்து என் சைக்கிளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அந்த பிரேக்கையே பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். பெட்டியில் என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் லோயிக் என்று ஒரு பிரெஞ்சுப் பையன் ஒரு வருஷம் படிக்க வந்திருந்தான். கிளப்பிலேயே அவன்தான் வேகம். இடது கைதான் முன் பிரேக் என்று பழகியவன். எங்கள் வழக்கத்துக்கு மாறிக்கொள்ள மூன்று மாதம் படாத பாடு பட்டானாம். தேர்வு நாளில் அவன் வண்டி உடைந்தது. யாரோ கிளப்பின் பொது வண்டியைக் கொடுத்து, வலதுதான் முன்னாடி என்றார்கள். விளையாட்டுக்கு இடதாக மாற்றி வைத்திருந்தார்கள். அவன் அழுத்திப் பார்க்கவில்லை. நம்பிவிட்டான். பாதிரியாரில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் ஒத்துக்கல. அந்த வருஷம் ஆல்ப்ஸுக்கு நாலு பேரும் போனாங்க, போட்டோ எடுத்துக்கிட்டாங்க." பிடியை விரலால் தொட்டாள். "அந்த பிரேக்கை நான்தான் கழட்டினேன், கெத்தின். சுரங்கத்துக் குளத்துல, நடு ஆழத்துல, என் கையாலதான் போட்டேன்."

ஒன்பதாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். திராட்சை வாங்கிக்கொண்டு. எமிரின் கழுத்தைச் சுற்றி வளையம். இடது கை விரல்கள் மடங்கவில்லை. மடங்குமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. அவன் மடியில் போன் இருந்தது. கேமராவில் பதிவானதை அதில் ஏற்றியிருந்தான்.

"விழுந்ததுக்கு அப்புறமும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு," என்றான். "நீ வந்தது தெரியுது. வந்து முதல்ல என்னைப் பாக்கல. பிரேக்கைப் பாத்த. எண்ணிப் பாத்தேன். எட்டு விநாடி."

திராட்சையை மேஜையில் வைத்தேன்.

"அதை விடு. வேற ஒண்ணு கேக்கணும். மேல நீ வண்டிய எங்கிட்ட கொடுத்தப்போ, அங்க நாம ரெண்டு பேருதானே இருந்தோம்?"

ஆமாம் என்றேன்.

போனை என் காதருகே வைக்கச் சொன்னான். நேரம் 15:31:08. காற்று. என் மூச்சு. பிறகு என் குரல்: "வலதுதான் முன்னாடி."

பிறகு, கேமராவுக்கு ரொம்பக் கிட்டே, எமிரின் நெஞ்சில் வாய் வைத்துப் பேசுவதுபோல, தொண்டையிலிருந்து வரும் பிரெஞ்சு உச்சரிப்பில், சலிப்பாக ஒரு பையனின் குரல்:

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க."