ஆமென் சொன்ன பிறகு

மயிலாடியில் நண்பன் ஜெபராஜின் வீடு. கப்பல் வேலையிலிருந்து விடுமுறையில் வந்தவன் மூலிகை போட்ட பெல்ஜியம் பீர் இரண்டு குப்பி கொண்டுவந்திருக்கிறான். ஒன்றை உடைத்து ஊற்றுகிறான். கொத்தமல்லி விதை மணக்கிறது. ருசி பார்க்காமல் நான் பஸ் ஏறப்போவதில்லை.

அடுக்களையிலிருந்து அவன் மனைவி மெர்சி வருகிறாள். "ஜெபிக்காம இந்த வீட்ல ஒண்ணும் வாயில வைக்கப்பிடாது அண்ணே."

கண்ணை மூடுகிறோம். ஊருக்கு, மழைக்கு, கப்பலுக்கு என்று மெர்சியின் ஜெபம் நீள்கிறது. ஒரு கண்ணால் பார்க்கிறேன். கிளாசில் நுரை பாதி இறங்கிவிட்டது.

"இந்த வீட்டிலே இதுவே கடைசிக் குப்பியாயிருக்கக் கிருபை செய்யும், ஆண்டவரே!"

"ஆமென்" என்கிறோம் இருவரும், பழக்கத்தில், சத்தமாக.

விடாமல் குடிக்கிறேன். முதலில் இனிப்பு, பிறகு ஆரஞ்சுத் தோலின் கசப்பு, கடைசியில் தொண்டையில் கஷாயக் காரம். நன்றாகவே இருக்கிறது.

ஜெபராஜ் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டாவது குப்பி அதற்குள் இருக்கிறது.