திருப்பதியில் நைனாவுக்கு ஒரு ரூம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, என் மகள் பத்தாவது முடித்த கோடையில் தொடங்கியது இது. அப்போது நாங்கள் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு ஊரில், என் நைனாவின் வீட்டில் இருந்தோம். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் அவருக்கு ஒரே பெண். அம்மா நான் காலேஜ் படிக்கும்போதே போய்விட்டாள். என் கணவர் சூளூர்பேட்டைப் பக்கம் நிலம் நீச்சு எதுவும் இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணம் ஆனதும் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிட்டார். அப்படி வந்தவரைப் பற்றிப் பேசும்போது ஊரில் நாலு பேர் ஒரு மாதிரி சிரிப்பார்கள். நைனா ஒரு நாளும் சிரித்ததில்லை. வாசலில் யாராவது வந்து கூப்பிட்டால், "மாப்ள துன்னுக்கினு கீறாரு, செத்த இரு" என்று தானே எழுந்துபோய் நிற்பார்.

எனக்கு வேலை திருப்பதியில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில். காலையும் மாலையும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியே என் பாதி ஆயுசு போயிற்று. கணவருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு பாக்டரியில் ஷிப்ட் வேலை. மகளுக்கோ திருப்பதியில்தான் இன்டர், அதாவது பிளஸ் டூ, சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இதற்கு நடுவில் நைனாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவானின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு திருப்பதிக்கு ஓடினோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பிழைத்துவிட்டார். ஆனால் வலது கை துவண்டு போயிற்று, பேச்சு குழறியது.

அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் முடிவு செய்துவிட்டேன், திருப்பதிக்குக் குடிபோக வேண்டியதுதான் என்று. என் கணவர் அப்படி லேசில் முடிவெடுக்கிற ஆள் இல்லை. கத்தரிக்காய் வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்குகிறவர். தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இதே பேச்சுதான். ஆஸ்பத்திரி பக்கம், காலேஜ் பக்கம், உனக்கும் பஸ் அலைச்சல் இல்லை என்று ஒரு பக்கம் சொல்வார். ரசம் சோற்றில் ஊறி ஆறுவதற்குள் மறு பக்கம் தாவிவிடுவார். வாடகை, தண்ணீர், தனக்குக் கம்பெனி பஸ்ஸில் கூடுதல் பயணம், சொந்த வீட்டுக்குப் பூட்டு, மாந்தோப்பை யார் பார்ப்பது?

"மாமரத்துக்குப் பக்கவாதம் வராது, பயப்படாத" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நைனாவையும் கேட்டோம். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். "உங்க இஷ்டம்மா. நான் இன்னா, ரெண்டு இட்லி துன்னுட்டு ஒரு மூலைல கெடக்கப் போறேன்" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

தேடித் தேடி, படி ஏற வேண்டாம் என்று தரைத்தளத்தில் வீடு பிடித்தோம். நைனாவுக்கென்று தனி ரூம். உள்ளேயே பாத்ரூம், பிடித்து நடக்கச் சுவரில் கம்பி, காற்று வர ஜன்னல். வந்தவர்களுக்கெல்லாம் அந்த ரூமைத்தான் முதலில் திறந்து காட்டுவேன். அவ்வளவு பெருமை!

குடிவந்த பிறகு நைனா ஆளே மாறிவிட்டார். ஊரில் அவருக்குச் சட்டை என்றால் வேப்பங்காய். இங்கே காலையில் போட்ட சட்டையைப் படுக்கும்போதுதான் கழற்றினார். டி.வி.யைத் தானாகப் போடமாட்டார். பேத்தியிடம், "அம்மாடி, கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டுக் குடிப்பார். மாப்பிள்ளை சாப்பிடாமல் தட்டில் கை வைக்கமாட்டார். அவருக்கு செகண்ட் ஷிப்டாக இருந்தால் தனக்குப் பசியே இல்லை என்பார். மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். இவர் பதறிப்போய், "உக்காருங்க மாமா" என்று கையைப் பிடித்து உட்கார வைப்பார். என் சாம்பாரைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டிய மனுஷன், எதை வைத்தாலும் "நல்லா கீதும்மா" என்றார்.

லேபில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். "திருப்பதிக்கு வந்ததும் எங்க நைனா திருந்திட்டாரு" என்று.

ஒரு நாள் கணவர் விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். மகள் காலேஜுக்குக் கிளம்பினாள். நான் நைனாவுக்குச் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மதியம் போன் செய்தால் எடுக்கவில்லை. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது, போன் கட்டிலில் அடித்துக்கொண்டிருக்கிறது, ஆளைக் காணோம் என்றாள்.

லேப் கோட்டைக் கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினேன். படுக்கை சுருட்டி வைத்திருந்தது. மூடி வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. அவருடைய துணிப்பையும் மாத்திரை டப்பாவும் இல்லை. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. புத்தியெல்லாம் ஒரே இடத்தில் நின்றது. பேச்சு குழறுகிற மனுஷன், எந்த ரோட்டில் விழுந்து கிடக்கிறாரோ!

தெருத் தெருவாக, டீக்கடை டீக்கடையாக விசாரித்தேன். யாரும் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒரு வயதானவரைத் தேடுவது எப்படி என்று நினைக்கிறீர்கள்? பார்க்கிற இடமெல்லாம் வேட்டி கட்டிய பெரியவர்கள், தோளில் பை, மொட்டைத் தலை. பின்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் என் நைனா. எத்தனை பேரை இழுத்துத் திருப்பி மன்னிப்புக் கேட்டேனோ தெரியாது.

அங்கிருந்த போலீஸ்காரரிடம் போனேன். தெலுங்கில்தான் பேசினேன். அப்பா என்ன பாஷை பேசுவார் என்று கேட்டார். இரண்டும் பேசுவார், வாய்க்கு முதலில் வருவது தமிழ் என்றேன். உடனே அவர், தரிசனத்துக்கு வந்து கூட்டத்தைத் தவறவிட்டிருப்பார், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்றார். "சார், நாங்க இங்கதான் குடியிருக்கோம்" என்றேன். அவர் தெலுங்கில், "இங்கே குடியிருக்கிறவங்க தொலைஞ்சு போகமாட்டாங்கம்மா" என்றார். குத்திச் சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். விசாரணை கவுண்டருக்கு அழைத்துப் போய், மைக்கில் நீங்களே சொல்லுங்கள், குரல் கேட்டால் வருவார் என்றார்.

மைக்கைப் பிடித்தேன். அடையாளம் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் பிடித்தேன். "நைனா, நான்தான். எங்க கீற? அங்கியே இரு, நான் வரேன்" என்பது மட்டும்தான் வந்தது. அவ்வளவு பெரிய பஸ் ஸ்டாண்டில் என் அழுகை எனக்கே திரும்பிக் கேட்டது. முன்பின் தெரியாத ஒரு அம்மா, மலைக்குப் போய்விட்டு வந்தவள், தன் பாட்டிலைத் திறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என் தலையைத் தடவினாள்.

ஷிப்ட் முடிந்து கணவரும் வந்து சேர்ந்தார். ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரிகள் என்று சுற்றினோம். விளக்கு வைக்கிற நேரத்தில் என் போன் அடித்தது. ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிற சித்தி. வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தோம்.

"இன்னாமே, எப்ப வரீங்க? ராத்திரி சோத்துக்கு வந்துடுவீங்களான்னு உங்க நைனா கேக்கச் சொன்னாரு. மாப்ள வராருன்னு முட்டக் கொழம்பு வெக்கச் சொல்லிக்கினு கீறாரு."

நைனா காலையிலேயே அங்கே போய்விட்டாராம். எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னாராம். அதனால்தான் சித்தி அதுவரை போன் செய்யவில்லை.

மகளை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு பைக்கில் கிளம்பினோம். வடமாலபேட்டை தாண்டுகிற வரை வழியெல்லாம் அவரைத் திட்டுவதற்கு வார்த்தை கோர்த்துக்கொண்டே போனேன். போய் இறங்கினால், வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. நைனா சட்டை இல்லாமல், தோளில் துண்டோடு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாம்மா. வாங்க மாப்ள. கை கால் கழுவுங்க" என்றார். குழறல் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் பழைய நைனாவின் சத்தம்.

"ஏன் நைனா சொல்லாம வந்த? செத்துப் பொழைச்சேன்" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்தே சொன்னேனேம்மா, கெளம்பறேன்னு" என்றார்.

ஆமாம், சொன்னார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று, "நான் கெளம்பறேம்மா, ரொம்ப நாளு ஆயிடுச்சி" என்றார். ஏதோ உளறுகிறார் என்று நினைத்து, போய்ப் படு நைனா என்றேன்.

"எத்தினி நாளும்மா பொண்ணு வூட்ல இருக்கறது? பாக்கறவங்க இன்னா பேசுவாங்க" என்றார் நைனா. கோபம் எதுவும் இல்லை அவருக்கு. ஒரு ஆட்டோக்காரர், சாமி பார்த்தாயிற்றா பெரியவரே என்று கேட்டு, காசு வாங்காமல் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் ஊர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார வைத்துவிட்டுப் போனாராம். அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். எங்கள் தட்டுகளைப் பார்த்து, "இன்னொரு முட்ட வைம்மா மாப்ளைக்கு" என்று சித்தியை விரட்டிக்கொண்டே இருந்தார்.

சாப்பிட்டு முடித்துப் பின்கட்டுக்கு வந்ததும் என் கணவர் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். "இந்த வூட்டுக்கு வந்த புதுசுல நானும் தண்ணிக்குக் கேட்டுக்கினுதான் நின்னேன். மாமாதான் சொம்ப எடுத்து என் கையில குடுத்து, கேக்காதடா, இது உன் வூடுன்னாரு. எனக்கே தோணலையே. அவரு கேக்கும்போதெல்லாம் நான் சும்மா பாத்துக்கினு இருந்தேனே" என்றார்.

வாடகை, தண்ணீர், பஸ், மாமரம் என்று அத்தனையும் யோசித்தோம். ஊரில் அது அவர் வீடு, நாங்கள் அவரோடு இருந்தோம். திருப்பதியில் அது மாப்பிள்ளை வீடு, அவர் வந்து தங்கியிருந்தார். இது ஒன்று மட்டும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கெஞ்சிப் பார்த்தோம். "இன்னொரு நாளு வரேம்மா" என்றார், விருந்துக்கு அழைத்தால் சொல்வது போல. இழுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டோம். சித்தி சாப்பாடு பார்த்துக்கொண்டாள். லீவு கிடைத்த போதெல்லாம் நாங்கள் போவோம். வாசலிலேயே நின்று வரவேற்பார். நான் வைக்கிற சாம்பாரை மறுபடி திட்ட ஆரம்பித்தார். கேட்கக் கேட்க எனக்கு உயிர் வந்தது.

அந்த மார்கழியில் ஒரு நாள் காலையில் நைனாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்துவிட்டது. சித்திதான் போன் செய்தாள். கார் பிடித்து ஏற்றிவிட்டார்கள். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே, என்னோடு வேலை செய்கிறவர்கள், ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து வாசலில் தயாராக நின்றார்கள். நானும் நின்றேன். கார் வந்தது. நைனா வழியிலேயே போய்விட்டிருந்தார்.

சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். பெற்ற அப்பனைத் தனியாக விட்டுவிட்டு டவுனில் சொகுசு பார்த்தாள் என்றார்கள். வாய் நீளமான நான், வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்த ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது, வெளியே அவர் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டால் என் வயிறு எரிகிறது. அந்த ரூமில் வைத்துக்கொண்டிருந்தால் இருந்திருப்பார். இருந்திருப்பார், ஆனால் தண்ணீருக்குக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு திருப்பதிக்கு வந்துவிடலாமா என்று யாராவது யோசனை கேட்டால், ஆஸ்பத்திரி, வாடகை, தண்ணீர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்கிறேன். சொல்லி முடித்துவிட்டு, அந்த வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடப் போவது யார் என்று ஒன்றே ஒன்று கேட்கிறேன். எங்களை யாராவது அப்படிக் கேட்டிருக்கக் கூடாதா!