அழிக்க வேண்டாம் என்று நான் காப்பாற்றிய கேசட்

எண்பதுகளில் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குக் கிளம்பும்போது எனக்கும் என் நண்பனுக்கும் பொதுவாக ஒரு கேசட் கொடுத்தார். வயதான ராக் பாடகர் ஒருவர் இளமையில் மேடையில் பாடியது. பல வருடம் வெளிவராமல் கிடந்து அப்போதுதான் வந்திருந்தது.

நண்பன் அதை அழித்துவிட்டு சினிமாப் பாட்டு பதியவேண்டும் என்றான்.

"இத்தன வருசம் அந்தாளே வெளிய விடல. ஏன்டா? சாவு வீட்ல ஒப்பாரி வெக்கிற மாதிரி இழுக்கறான்."

"அதுக்குப் பேரு நிதானம். ஒவ்வொரு வார்த்தையும் எவ்ளோ கனமா எறங்குது பாரு. ஒனக்கு இன்னாடா தெரியும்?"

"கனம் ஜாஸ்திதான். எனக்குத் தூக்கம் வருது."

மூன்று நாள் சண்டை. அவனை ஞானசூனியம் என்று திட்டினேன். நான்காம் நாள் அவன் பாட்டு பதியும் கடைக்குக் கேசட்டை எடுத்துப் போனான். தடுக்க நானும் ஓடினேன்.

கடைக்காரர் கரண்டில் ஓடும் டெக்கில் அதைப் போட்டார். அதே பாட்டைப் பாடகர் துள்ளிக்கொண்டு பாடினார். எங்கள் டேப்ரிக்கார்டரில் இருந்தவை மொட்டை மாடி வெயிலில் காயவைத்துக் காயவைத்து ஓட்டிய பழைய பேட்டரிக் கட்டைகள்; சார்ஜ் இறங்கி டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. நான் மூன்று நாள் வக்காலத்து வாங்கியது அந்தக் கட்டைகளுக்குத்தான்.

நண்பன் மேசையில் தாளம் போட்டான்.

"அழிக்க வேணாம்ண்ணே. சூப்பரா பாடறான்."

கேசட் பிழைத்தது. அந்த அவசரப் பாட்டு எனக்குத்தான் இன்றுவரை பிடிக்கவில்லை.